பூனைக்கு எது சுகம்?

விக்கிரவாண்டியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சமையல் குறிப்பு கேட்கவில்லை, கோலம் கேட்கவில்லை, கைவேலை கேட்கவில்லை. பூனையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "இதையும் ஒரு விஷயம் என்று எழுதுகிறாளே என்று நினைத்துவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே வேறு சொல்லிவிடுகிறார். நினைக்கவில்லை, அம்மா. வீட்டுக்குள் ஒரு ஜீவன் வந்து சேர்ந்துவிட்டால் அது சுகமாயிருக்கிறதா என்று கவலைப்படுவது பெண்களுக்குப் புதிதா என்ன?

கடிதத்தின் சாரம் இதுதான். இரண்டு வருஷங்களுக்கு முன், ஐப்பசி மழையில், தெருப் பூனை ஒன்று இவர் வீட்டு மாடிப்படியின் கீழே நான்கு குட்டிகள் போட்டது. கிட்டே போனால் சீறும். கையை நீட்டினால் பிறாண்டும். இவர் மீன் தலையை ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துவிட்டு விலகி வந்துவிடுவார். ஒரு குட்டி மழையில் போயிற்று. இன்னொன்றை ஒரு மாதத்திலேயே வீட்டுக்குள் எடுத்து வந்து வளர்த்தார். தாயோடு வெளியில் வளர்ந்த மற்ற இரண்டும் ஆறு மாதம் ஆவதற்குள் அடுத்தடுத்து நெடுஞ்சாலையில் அடிபட்டுப் போயின. போன மாதம் தாய்ப் பூனையும் அதே சாலையைக் கடந்து ஓடுவதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டார்.

இப்போது மகள் பூனை கட்டிலில் உருண்டு விளையாடுகிறது. தாய்ப் பூனையோ ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து நாள் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. "வாயில்லாத ஜீவனைச் சிறை வைக்கிறாயே, பாவம் இல்லையா?" என்கிறார் மாமியார். "வெளியே விட்டால் லாரியில் அடிபடும். அது பாவம் இல்லையா?" என்கிறார் வீட்டுக்காரர். நடுவில் இவர். "நான் அதற்கு நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா? நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

மாமியார் சொல்வதும் நிஜம். வீட்டுக்காரர் சொல்வதும் நிஜம். மாமியார் பூனையின் குணத்தைச் சொல்கிறார். வீட்டுக்காரர் சாலையின் குணத்தைச் சொல்கிறார். இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

பசுவையும் ஆட்டையும் மனிதன் பிடித்துவந்து பழக்கினான். பூனையை யாரும் அப்படிப் பிடித்து வரவில்லை. மேற்கு ஆசியப் பக்கத்தில் மனிதர்கள் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. வந்தது அப்படியே தங்கிவிட்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகிலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் இருந்ததை 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அத்தனை காலத்து உறவு! ஆனாலும் அந்த உறவில் பூனை தன் சுயேச்சையை முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. நம் சங்கப் புலவர்களுக்கும் காட்டுப்பூனையைத் தெரியும். 'வெருகு' என்பார்கள். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண் புலவர், முல்லை அரும்பைப் பார்த்ததும் வெருகு பல் தெரியச் சிரிப்பது போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். எத்தனை கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்!

நம் பாட்டிமார் காலத்தில் "பூனை உள்ளேயா, வெளியேயா?" என்ற கேள்வியே எழுந்ததில்லை. வீடு அப்படி. வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், முற்றம், பின்னால் கொல்லை, மேலே ஓடு, மூலையில் நெற்குதிர், அதற்கும் மேலே பரண். பூனை ஓட்டின்மேல் நடந்து வந்து முற்றத்தில் குதிக்கும். குதிரடியில் எலி பிடிக்கும். பரணில் குட்டி போடும். கொல்லை வழியே போய்விடும். எந்தக் கதவையும் யாரும் அதற்காகத் திறக்கவும் வேண்டியதில்லை, சாத்தவும் வேண்டியதில்லை. அந்த வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மாமியார் பேசுகிறார். இப்போது இருப்பதோ தளம் போட்ட வீடு. கம்பி ஜன்னல், இரும்புக் கதவு. கதவு ஒன்று வந்ததால்தான் உள் என்றும் வெளி என்றும் இரண்டு உண்டாயின.

வீடு மாறியது போலவே வெளியும் மாறிவிட்டது. விக்கிரவாண்டியைத் தெரியாதவர் யார்? சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்களும் கும்பகோணம், தஞ்சாவூருக்குப் பிரிகிறவர்களும் அதைத் தாண்டித்தானே போகவேண்டும்! பொங்கல், தீபாவளி சமயங்களில் அங்கே சுங்கச்சாவடியில் நிற்கும் கார் வரிசையைப் பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். பூனைக்கு இருட்டில் கண் நன்றாகத் தெரியும். ஆனால் அது இரை தேடி அலைவது பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தியிலும். வண்டி விளக்குக் கண்ணில் அடித்தால் ஓடாமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு.

சாலை ஒன்று மட்டுமா? சுற்றிலும் நெல்லும் கரும்பும் மணிலாக் கொட்டையும் விளைகிற பூமி. வயல் எலிக்கு மருந்து வைப்பார்கள். அந்த எலியைத் தின்ற பூனையும் சாகும். மழையும் இருக்கிறது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, ரயில்களையே நிறுத்திவிட்டார்கள். மனிதரே தவித்த அந்த இரவில் மாடிப்படியின் கீழே கிடந்த குட்டிகள் என்ன பாடு பட்டிருக்கும்? ஆகவே வீட்டுக்காரர் சொல்வதும் வீண் பயம் அல்ல.

சரி, ஒரே வயிற்றில் பிறந்த உறவாயிருந்தும் மகளுக்கு வீடு பிடித்திருக்கிறது, தாய்க்குப் பிடிக்கவில்லையே, ஏன்?

இதற்கு நல்ல விடை இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற அம்மையார் 1980-களில் பூனைக் குட்டிகளைத் தினமும் கையில் எடுத்துப் பழக்கிப் பார்த்தார். பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும்தான் மனிதரை நம்பக் கற்றுக்கொள்ளும் பருவம் என்று தெரிந்தது. அந்த ஐந்து வாரத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி ஆயுள் முழுவதும் மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பருவம் தாண்டிவிட்டால், மனிதன் அதற்குத் தன்னைப் பிடிக்க வருகிற ஒரு பெரிய மிருகம்தான். தகப்பனுக்கும் இதில் பங்கு உண்டாம். சாதுவான கடுவனுக்குப் பிறந்த குட்டிகள், முகம் பார்த்திராத தகப்பனாயிருந்தாலும், தைரியமாகவும் சிநேகமாகவும் இருப்பதாக 1995-ல் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று.

ஆகவே சகோதரியே, மகளை ஒரு மாதத்தில் எடுத்தீர்களே, அது மிகச் சரியான சமயம். அவளுக்கு உங்கள் வீடுதான் உலகம். ஜன்னலுக்கு அப்பால் இருப்பது அவளுக்கு வேடிக்கை. தாய்க்கோ ஜன்னலுக்கு அப்பால் இருப்பதுதான் உலகம். நீங்கள் மீன் வைத்த நல்ல மனுஷி. ஆனால் கூண்டு வைத்துப் பிடித்தவரும் நீங்கள்தான். 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்பார்களே, அந்தக் கதை. அது மறக்க நாளாகும்.

பெரிய பூனை பழகவே பழகாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சில பூனைகள் மெதுவாக, மாதக்கணக்கில், ஒரே ஓர் ஆளிடம் மட்டும் பழகும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். அது அதன் சுபாவம். வேறு சில கடைசிவரை பழகாது. அதுவும் சுபாவமே. நம் அன்பில் குறை என்று நினைத்து வருந்த வேண்டாம்.

சரி, அது சுகமாயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய் திறந்து சொல்லாது, உடம்பால் சொல்லும். ஜன்னலில் உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து ஏக்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாலைச் சுற்றிக்கொண்டு, காதைத் தளர்த்திக்கொண்டு, குருவியைக் கண்டால் தாடை துடிக்க 'கக் கக்' என்று சத்தம் போட்டால், நாம் தெருவை வேடிக்கை பார்ப்பது போல அதுவும் பார்க்கிறது என்று அர்த்தம். வாலை நட்டுக்குத்தலாக நிமிர்த்திக்கொண்டு உங்களிடம் வந்தால் சந்தோஷம். உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் நம்பிக்கை. நீங்களும் பதிலுக்கு அப்படியே செய்யலாம். இங்கிலாந்தில் 2020-ல் சோதித்துப் பார்த்து, அப்படி மெல்லக் கண்மூடித் திறந்த மனிதரிடம் பூனைகள் கிட்டே வருகின்றன என்று எழுதினார்கள்.

இன்னும் ஓர் அடையாளம் உண்டு. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயைக் கூப்பிடும் பாஷை அது. வளர்ந்தபின் மனிதரிடம்தான் அதைப் பேசும். தெருவிலே வளர்ந்த பூனை பெரும்பாலும் ஊமை மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பூனை ஒரு நாள் தட்டருகே நின்று உங்களைப் பார்த்து 'மியாவ்' என்றால், அது உங்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. இராப்பகலாகக் கதவண்டை நடைபோட்டுக் கத்துவது, ஒரே இடத்தில் நக்கி நக்கி மயிரை உதிர்த்துக்கொள்வது, மணல் தட்டை விட்டுக் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது, எந்நேரமும் ஒளிந்தே கிடப்பது, சாப்பிடாமலிருப்பது. பூனை இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகும். அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போய்விட வேண்டும்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் வாசல் கதவிலேயே பூனைக்கென்று ஒரு சின்னக் கதவு வைத்து, நினைத்தபோது போய்வர விடுவார்கள். அமெரிக்காவில் வைத்தியர்கள் வீட்டுக்குள்ளேயே வையுங்கள் என்பார்கள். இத்தாலியில் 1991-ல் ஒரு சட்டமே செய்தார்கள். தெருப் பூனை சுதந்திரமாக வாழலாம்; அதற்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்று. ரோமாபுரியில் பழைய இடிபாடுகளுக்கு நடுவே அப்படிப் பூனைகள் வாழ்கின்றன. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவிலோ 2022 ஜூலை 1-லோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகளை வெளியே சுற்ற விடக்கூடாது என்று சட்டம். அங்கே பறவைகளைப் பற்றிய கவலை. நம் கொல்லையிலும் அணிலும் தவிட்டுக் குருவியும் இருக்கின்றனவே, அவற்றின் சுகத்தையும் யாராவது நினைக்க வேண்டும் அல்லவா? ஆக, ஊருக்கு ஒரு நியாயம். அவரவர் வாசலில் என்ன அபாயம் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்வோம்.

வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்றால் வெளியில் இருந்ததை எல்லாம் வீட்டுக்குள் கொண்டு வரவேண்டும். கதவைச் சாத்துவதோடு காரியம் முடிந்துவிடாது.

முதலில், ஒளிய இடம். காசு செலவில்லை, மளிகைச் சாமான் வந்த அட்டைப் பெட்டி போதும். ஹாலந்தில் 2014-ல் பூனை விடுதியொன்றில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை வெகு சீக்கிரம் பயம் தெளிந்தன. புக்ககம் வந்த புதிதில் நமக்கும் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மூலை வேண்டியிருந்ததே! அடுத்தது, உயரம். அலமாரியின் மேல்தட்டையோ பரணையோ அதற்கு விட்டுக்கொடுங்கள். மேலிருந்து பார்க்க முடிந்தால் பூனைக்குப் பாதி பயம் போய்விடும்.

மூன்றாவது, மணல் தட்டு. பூனைக்கு ஒன்று வீதம், கூட ஒன்று. உங்கள் வீட்டில் இரண்டு பூனை என்றால் மூன்று தட்டு. தினமும் அள்ளி எறிந்துவிட வேண்டும். நான்காவது, நேரம் தவறாமை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2011-ல் ஒன்று கண்டார்கள். நல்ல ஆரோக்கியமுள்ள பூனைகூடச் சாப்பாட்டு நேரமும் கவனிக்கிற ஆளும் மாறிப்போனால் வாந்தி எடுக்கிறது, சாப்பிட மறுக்கிறது, தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்கிறது. ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே தட்டில் வைத்தால் பூனைக்கு மனநிம்மதி. சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் ஒரு கயிற்று நுனியில் துணியைக் கட்டி இழுத்துக் காட்டுங்கள். அது பாய்ந்து பிடித்து, பிறகு சாப்பிடட்டும். வேட்டையாடித் தின்ற திருப்தி கிடைக்கும்.

ஐந்தாவது, ஆகாரம். இதைச் சைவக் குடும்பத்துச் சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வெளியே போய்வருகிற பூனைக்கு நாம் தயிர்சாதம் வைத்தாலும் மிச்சத்தை அது எலியிலும் ஓணானிலும் சரிக்கட்டிக்கொள்ளும். கதவைச் சாத்திவிட்டால் முழுப் பொறுப்பும் நம்முடையது. மாமிசத்திலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண் பார்வை போகும் என்று 1975-லும், இருதயம் கெடும் என்று 1987-லும் கண்டுபிடித்தார்கள். மீன் வாங்க மாட்டோம் என்றால், அந்தச் சத்துச் சேர்த்துக் கடையில் விற்கும் பூனை ஆகாரமாவது வாங்க வேண்டும். இரண்டும் முடியாது என்றால் பூனையை அடைத்து வைக்காதீர்கள். பாலும் ஒரு மாயைதான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாவதில்லை, வயிற்றுப்போக்கு வரும்.

வீட்டுக்குள்ளும் அபாயம் உண்டு. ஜுரத்துக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும். உடம்பு சரியில்லை என்று அரை மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள். தரை துடைக்கும் பினாயிலும் அதற்கு விஷம். ஈரத்தில் நடந்து காலை நக்கினால் போதும், உள்ளே போய்விடும்.

இத்தனையும் செய்து, நடுவில் ஒன்றும் செய்யலாம். போய்விட்ட முற்றத்தைத் திரும்பக் கட்டுவதுதான் அது! கொல்லைப் பக்கமோ, பின்கட்டு வராந்தாவோ, மாடியில் ஒரு மூலையோ, கம்பி வலை அடித்து மேலேயும் மூடிவிடுங்கள். ஒரு மரக்கட்டை, நான்கு செடித் தொட்டி, கொஞ்சம் மண், வெயில் படும் ஓர் இடம். பூனைக்குக் காற்று வரும், வாசனை வரும், மழைச் சத்தம் கேட்கும். லாரி மட்டும் வராது. மாமியாரும் சம்மதிப்பார், வீட்டுக்காரரும் சம்மதிப்பார்.

தாய்ப் பூனையின் விஷயத்தில் என் யோசனை இது. இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள். ஒரு மாதம் போதவே போதாது. வலை அடித்த இடத்தைத் திறந்துவிட்டு, உள்ளே வருவதும் அங்கே போவதும் அதன் இஷ்டத்துக்கு விடுங்கள். தூக்காதீர்கள், துரத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். அது வந்தால் வரட்டும். சாப்பாடும் தூக்கமும் சீராகி, கண் மூடித் திறந்து பார்க்கத் தொடங்கினால், அது உங்கள் வீட்டோடு சமாதானம் செய்துகொண்டது.

அப்படியில்லாமல் இளைத்துக்கொண்டே போய், கத்திக்கொண்டே இருந்தால், அதை விட்டுவிடுங்கள். விடுவது என்றால் கண்காணாத இடத்தில் அல்ல. அதே மாடிப்படியின் கீழே. அங்கே காற்றும் மழையும் படாமல் ஒரு பெட்டி வைத்து, தினமும் அதே நேரத்தில் அதே கொட்டாங்கச்சியில் சாப்பாடு வையுங்கள். அந்தி சாய்வதற்கு முன் வைத்தால், வயிறு நிறைந்த பூனை அதிகம் அலையாது. சாலை அபாயம் அப்போதும் இருக்கும்தான். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கருத்தடை செய்துவிட்டீர்களே, அதுவே பாதி காப்பு. பெட்டை பூனை நாலாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். துணை தேடியும் குட்டிகளுக்கு இரை தேடியும் ஓடுகிற ஓட்டத்தில்தான் அதிகம் சாலை கடக்க வேண்டியிருக்கிறது. இனி அந்த ஓட்டம் அதற்கு இல்லை. சாலையில் சாகப் புதிதாகக் குட்டிகளும் பிறக்கப்போவதில்லை. மாடிப்படியில் மறுபடி நான்கு பிறந்து இரண்டைச் சாலையில் பறிகொடுக்கும் துக்கம் உங்களுக்கும் இல்லை.

உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி போட்டுவிடுங்கள். பூனைக்கும் அந்த நோய் வரும். தெரியாத பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். "பூனைதானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்கக்கூடாது.

மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. பூனை குட்டி போட்டுவிட்டால் சாக்கில் கட்டி எடுத்துப்போய் மார்க்கெட்டிலோ ஊர்க்கோடியிலோ விட்டுவரச் சொல்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 'அங்கே அதற்கு மீன் கிடைக்கும்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். தெரியாத இடத்தில் விட்ட பூனை சாப்பாட்டைத் தேடுவதில்லை. முதலில் வந்த வழியைத் தேடி ஓடுகிறது. வழியில்தான் சாலை இருக்கிறது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பூனைக்குச் சுகம் என்பது அதற்குத் தெரிந்த இடம், தெரிந்த நேரம், தெரிந்த ஆள். இந்த மூன்றையும் வீட்டுக்குள்ளும் கொடுக்கலாம், மாடிப்படியின் கீழும் கொடுக்கலாம். சாக்கில் கட்டினால் மூன்றும் ஒரே நாளில் போய்விடும்.